ஸுல்பிகா காணாது என்று சொன்ன கத்திகள்

ஸுல்பிகாவின் வீட்டுக்கு இரண்டு வாசல். முன் வாசல் கல்முனைக்குடியில் கடற்கரை வீதியைப் பார்த்திருக்கும். அங்கே டைல்ஸ் பதித்த விறாந்தை, நான்கு கதிரை, மருமகன் பர்ஸான். பின் வாசல் ஒழுங்கைக்குள் திறக்கும். அங்கே ஒரு கிணறு, ஒரு சீமெந்துக் கட்டு, ஸுல்பிகா. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் ஊர் ஆம்பிளைகள் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அந்தப் பின் வாசலுக்குத்தான் போவார்கள். நானும் போயிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஊரைத் திட்டும்போது என்னைத் தவிர்த்துவிட்டுத் திட்டுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

நான் பிரதேச சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பள்ளிவாசலின் குர்பான் கமிட்டிக்குச் செயலாளர். ஊரில் இளையவர்களுக்குக் காக்கா, அதாவது அண்ணன். பெருநாளைக்கு எத்தனை மாடு, யார் யார் பங்கு, யார் அறுப்பது என்று எழுதி வைப்பது என் வேலை. கத்தியைத் தீட்டுங்கள், வாயில்லாச் சீவனை வதைக்காதீர்கள் என்று குத்பாப் பிரசங்கத்தில் ஒவ்வொரு வருடமும் சொல்லப்படும். எல்லோரும் தலையாட்டிக் கேட்போம். கூர் என்றால் என்ன என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. பெருவிரலை வைத்துப் பார்ப்போம், ஒரு கடதாசியை வெட்டிப் பார்ப்போம், பளபளப்பாக இருந்தால் திருப்தி.

முதல் தடவை நான் என் கத்தியைக் கொண்டு போனபோது ஸுல்பிகா ஒரு கிளாசை எடுத்து அதன் வாயில் ஒரு றப்பர் வளையத்தை இழுத்து மாட்டினாள். கத்தியை அறுக்காமல், இழுக்காமல், அதன் மேல் சும்மா வைத்தாள். றப்பர் பள்ளமாக அமிழ்ந்து கொடுத்ததே தவிர அறவில்லை.

"காணாது, காக்கா" என்றாள்.

"ஏன் போதாது? கடதாசி வெட்டுதே, புள்ள."

"கடதாசி ஒதுங்கி ஓடாது. சதையும் நரம்பும் இந்த றப்பர் மாதிரி. மொட்டைக் கத்தி வந்தா ஒதுங்கிக் குடுக்கும். ஒதுங்க விடாம அறுக்கிறதுதான் கூர்."

பிறகு வெயிலில் கத்தியைத் திருப்பிக் காட்டினாள். விளிம்பில் வெள்ளைக் கோடு மாதிரி ஒரு மினுக்கம் ஓடியது. வெளிச்சம் நிற்கிற இடம் மொட்டை என்றாள். நல்ல கூரில் வெளிச்சத்துக்கு நிற்க இடம் இராதாம். அன்று இரண்டு மணித்தியாலம் கல்லில் தீட்டித் தந்தாள். அந்த வருடம் என் ஆடு கத்தி பட்டதை அறிந்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

அவள் இதைப் படித்த இடம் மாடு அறுக்கும் இடமல்ல. சுனாமியில் புருஷன் போன அடுத்த வருடம், ஏழு வயது மகளைத் தாயிடம் விட்டுவிட்டுச் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அந்த வீட்டுக்கார அறபிக்கு வில்லால் வேட்டையாடுகிற பைத்தியம். சில்லும் கம்பியும் பூட்டிய இந்தக் காலத்து வில் அல்ல, வெறும் மர வில். வருடத்துக்கு இரண்டு தடவை ஆபிரிக்காவுக்குப் போவான். அவனிடம் பெட்டி பெட்டியாக அம்பு முனைகள் இருந்தன. வெற்றிலை போல அகன்று, இரண்டு பக்கமும் கூர் வைத்த முனைகள். குசினிக் கத்திகளை அவள் தீட்டுகிற விதத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெட்டிகளையும் அவளிடமே கொடுத்தான்.

அம்பு துவக்குக் குண்டு மாதிரி அடித்து விழுத்தாது, இரத்தம் போக வைத்துத்தான் கொல்லும் என்று அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதனால் முனை ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். அரத்தால் ஒரு உரசு உரசி இரும்பு மென்மையா கடினமா என்று பார்க்க வேண்டும். அம்பை நகத்தின் மேல் நிறுத்திச் சுழற்றி முனை தள்ளாடுகிறதா என்று பார்க்க வேண்டும். றப்பர், கை மயிர், வெளிச்சம் எல்லாம் அதன் பிறகு. இன்னொன்றும் அந்த வேட்டைக்காரர்களுடைய கணக்கில் உண்டு. அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி விட்ட அம்பு கூரால் கிழித்துக் கொன்றால்தான் அந்த இறைச்சி ஹலால். மொட்டையாக மோதிக் கொன்றால் அது செத்த பிராணி, ஹராம்.

ஒரு தடவை கடையிலிருந்து மெசினில் தீட்டிய புது முனைகள் வந்தன. றப்பர் அறுந்தது, மயிர் வழித்தது. ஸுல்பிகா காணும் என்று சொல்லிவிட்டாள். அறபி திரும்பி வந்தபோது அதில் ஒரு முனையைக் கொண்டு வந்து அவள் முன்னால் மேசையில் வைத்தான். விளிம்பு முழுவதும் வாழைச் சருகு போல மடங்கியிருந்தது. மான் மாதிரி ஏதோ ஒரு மிருகம் அந்த முனையை விலாவில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்திருக்கிறது. கூர் என்று அவள் நினைத்தது கூரல்ல, தீட்டும்போது ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும் மெல்லிய இரும்புப் பிசிறு. அது முதல் தொடுகைக்கு எல்லாவற்றையும் அறுக்கும், இரண்டாவது தொடுகைக்கு மடங்கிவிடும். கத்தியின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி நகத்தை இழுத்தால் பிசிறு தடக்கும். அன்றைக்குப் பிறகு நகம் வைக்காமல் அவள் காணும் என்று சொன்னதே கிடையாது. அந்தக் கதையைச் சொல்லும்போது மெசினையோ கடைக்காரனையோ அவள் குற்றம் சொல்லவில்லை. "நான்தான் காணும் எண்டு சொன்னன்" என்றாள்.

பன்னிரண்டு வருடம் அங்கே இருந்து இங்கே ஒரு வீடு கட்டினாள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவார், வீட்டைக் கட்டினவர் குசினிக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போவார். மகள் ஸம்றாவின் நிக்காஹோடு வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயருக்குப் போனது, குசினியும் போனது. எந்த மீன் வாங்குவது என்பதுகூட மருமகன் வாயிலிருந்துதான் வரும். பர்ஸான் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பெண் கட்டிய வீட்டில் கால் மேல் கால் போட்டு இருக்கிற எல்லோரையும் போல அவனும் ஒருவன்.

"இந்த வீட்டில என்ட சொல்லு நிக்கிற இடம் இந்தக் கிணத்தடி மட்டும்தான், காக்கா" என்று ஒரு நாள் சொன்னாள். "நான் காணும் எண்டா காணும். காணாது எண்டா காணாது. வேற ஒண்டும் எனக்கு வேணா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த ஒன்றையும் எடுத்துக்கொள்ளத்தான் நாங்கள் இருந்தோமே.

பர்ஸான் கமிட்டிக்கு வந்ததும் பின் வாசலுக்கு ஆம்பிளைகள் வருவது அவனுக்குச் சரிவரவில்லை. மானம் போகிறது என்றான். கத்திகளைத் தன்னிடம் தாருங்கள், பார்த்துத் தருகிறேன் என்று முன் விறாந்தையில் வாங்கி வைத்தான். பிறகு சாக்கோடு பின்னால் கொண்டு போய் மாமியிடம் கொடுப்பான். அவள் பார்த்ததும் தீட்டியதும் முன் வாசலால் அவனுடைய கைவண்ணமாக வெளியே வரும். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. பெருநாள் தொழுகை முடிந்து பள்ளி மைக்கில் "கத்திகளைப் பரிசோதித்துத் தந்த சகோதரர் பர்ஸானுக்கு அல்லாஹ் அருள் புரிவானாக" என்று சொல்லப்பட்டது. அந்த அறிவிப்புத் துண்டை எழுதிக் கொடுத்தவன் நான். அந்த ஒலிபெருக்கிச் சத்தம் ஸுல்பிகாவின் கிணற்றடிக்கும் கேட்கும்.

போன வருடம் கமிட்டித் தலைவர் றாஸிக் ஹாஜியார் கொழும்பிலிருந்து எட்டுப் புதுக் கத்திகள் கொண்டு வந்து பள்ளிக்கு அன்பளிப்புச் செய்தார். கறுப்புப் பிடி, கண்ணாடி போன்ற அலகு. பழைய கத்திகளைத் துடைத்துப் பள்ளிக் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டினோம். பெருநாளைக்கு முந்திய நாள் நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு நானும் பர்ஸானும் அந்த எட்டையும் ஸுல்பிகாவிடம் கொண்டு போனோம். அறஃபா நோன்பு பிடித்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

கிளாஸ் வந்தது. றப்பரில் கத்தியை வைத்ததும் அது தெறித்து அறுந்தது. தன் முன்கையில் வைத்து வழித்தாள். ஒரு திட்டு மயிர் சுத்தமாக வந்தது. பர்ஸான் சாக்கைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான்.

ஸுல்பிகா நகத்தை வைத்து இழுத்தாள். மறுபக்கம் திருப்பி இழுத்தாள். அடுத்த கத்தி. அதற்கு அடுத்தது. எட்டையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"காணாது."

"என்ன மாமி கதைக்கிறீங்க? றப்பர் அறுந்திட்டு, மயிரும் வழியிது."

"நகம் தடக்குது, மகன். இது கூரில்ல, பிசிறு. முதல் மாட்டோட மடங்கிரும். நுனியப் பாருங்க, நீலம் பாஞ்சிருக்கு. மெசின்ல சுட்டு இரும்பு செத்துட்டு. நான் தீட்டினாலும் நிக்காது. பழைய கத்திகளக் கொண்டாங்க, பின்னேரம் அசறுக்குள்ள முடிச்சித் தாறன்."

"ஹாஜியார் ஆசையாக் கொண்டு வந்து குடுத்தத, என்ட மாமி காணாதெண்டு சொல்றா எண்டு நான் போய்ச் சொல்லவா?"

"என்ட பேரு வேணா. எப்பையும் போல உங்கட பேரிலயே சொல்லுங்க. மாட்டுக்கு யாரு சொன்னா என்ன?"

பர்ஸான் என்னைப் பார்த்தான். நான் செயலாளர். களஞ்சியச் சாவி என் சட்டைப் பைக்குள் இருந்தது. எடுத்துப் போய்ப் பழைய கத்திகளைக் கொண்டு வர பத்து நிமிடம் போதும். ஆனால் ஹாஜியாரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது, அவர் இனி என்னோடு எப்படிக் கதைப்பார் என்பது ஞாபகம் வந்தது. நான் கிணற்றைப் பார்த்தேன். பர்ஸான் கத்திகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நடந்தான். நான் பின்னால் போனேன். ஸுல்பிகா மறுபடியும் ஒரு தடவை "காணாது, காக்கா" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மறுநாள் பள்ளி வளவில் முதல் மாடு சுகமாகப் போனது. பர்ஸான் என்னைப் பார்த்துச் சிரித்தான். இரண்டாவது மாடு மாவடிப்பள்ளியிலிருந்து வந்த பெரிய சிவலை. மாடு அறுக்கிற லெப்பை தக்பீர் சொல்லி அதே கத்தியை வைத்தார். தோலில் வழுக்கியது. அவர் கத்தியை மாற்றினார். அதுவும் தடித்த தோலில் சிறிது தூரம் போய் மடங்கி நின்றது. மூன்றாவது கத்தியைக் கொடுக்கும்போது மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு எழும்பிவிட்டது. அந்தக் கழுத்தோடு அது மதில் ஓரமாக நடந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. எட்டு நிமிடம் என்று வீடியோவில் பார்த்தவர்கள் சொன்னார்கள். கடைசியில் சந்தையிலிருந்து இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் பழைய கத்தியை ஓடிப்போய் வாங்கி வந்தோம். லெப்பை தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். அந்த இறைச்சியை எடுக்கலாமா கூடாதா என்று அந்த மாட்டின் பங்குகாரர் ஏழு பேரும் முகத்தை முகம் பார்த்தார்கள். நண்பகல் ஆவதற்குள் வீடியோ ஊர் முழுக்கப் போய்விட்டது.

அசர் தொழுகைக்குப் பிறகு பர்ஸானின் முன் விறாந்தையில் கூடினோம். ஹாஜியார், நான், கமிட்டியில் இன்னும் இரண்டு பேர். கத்திகளும் சாக்கோடு வந்திருந்தன. தான் வாங்கி வந்த கத்தி மொட்டை என்று ஊரே சொல்லிக் காட்டிய கோபம் ஹாஜியாருக்கு.

"ஆர் பாத்த கத்தி இது?" என்று கேட்டார்.

பர்ஸான் சாக்கைக் காலால் என் பக்கம் தள்ளினான். "மாமிதான் பாத்தவங்க. நான் கொண்டு போய்க் குடுத்தன். காணும் எண்டாங்க."

இத்தனை வருடத்தில் அந்த விறாந்தையில் கத்தி விஷயமாக அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப்பட்டது அன்றைக்குத்தான்.

ஸம்றா தேத்தண்ணித் தட்டோடு வாசல் திரைக்கு வந்திருந்தாள். முந்திய நாள் குசினி ஜன்னலுக்குள் நின்று அவளும் கேட்டவள். ஹாஜியார் அவளிடம் கேட்டார். "உம்மா காணும் எண்டு சொன்னாவா, புள்ள?"

அவள் புருஷனைப் பார்த்தாள். "ஓம்" என்றாள்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் போனதுதானே?"

"நான் கொஞ்சம் தள்ளி நிண்டன், ஹாஜியார். வடிவாக் கேக்கல்ல" என்றேன். இவ்வளவு இலேசாக வாயில் வந்த பொய் என் சீவியத்தில் வேறு இல்லை.

திரைக்குக் கீழே இன்னும் இரண்டு கால்கள் வந்து நின்றன. ஸுல்பிகா திரைக்குள் இருந்தே பேசினாள்.

"ஹாஜியார், எட்டில மூண்டுதான் பாவிச்சிருக்கு. மிச்சம் அஞ்சும் சாக்கில கிடக்கு. ஒண்ட எடுத்து முதுகில இருந்து நகத்த இழுத்துப் பாருங்க. நகம் தடக்கினா நான் காணும் எண்டு சொல்லிரிக்க மாட்டன்."

சாக்கு என் காலடியில்தான் கிடந்தது. குனிந்தால் கை எட்டும். ஐந்து ஆம்பிளைகள் இருந்தோம், ஐம்பது நகம் இருந்தது. ஒருவரும் குனியவில்லை.

"நடந்தது நடந்து போச்சு" என்றார் ஹாஜியார். "இனிக் கத்தி விஷயம் ஆம்பிளையளோட இருக்கட்டும். பொம்புளைட சொல்லக் கேட்டா இப்பிடித்தான்."

ஜும்ஆவுக்குப் பிறகு அதை மைக்கில் அறிவித்தார்கள். நாகரிகமாக, பெயர் சொல்லாமல். அந்தத் துண்டையும் நான்தான் எழுதினேன்.

பெயர் சொல்லாவிட்டால் என்ன, ஊருக்குத் தெரியாதா? கல்யாண வீடுகளில் பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் இருக்காமல் தள்ளி இருந்தார்கள். மாட்டை வதைத்தவள் என்றார்கள். என் மனைவி சித்தி லைலா மட்டும் போய் வருவாள். மகளைப் பற்றி ஸுல்பிகா அவளிடம் சொன்னதை லைலா எனக்குச் சொன்னாள்.

"ஸம்றா புருஷனுக்குப் பயந்து பொய் சொல்லல்ல, ராத்தா. அவரு எழும்பிப் போயிருவாரு எண்டு பயந்து சொன்னவள். வீடு அவட பேருலதான். ஆம்பிளை இல்லாத வீட்ட ஊரு எப்பிடிக் கதைக்கும் எண்டு அவளுக்குத் தெரியும். என்னப் பாத்து வளந்தவள்தானே. அவளோட எனக்குக் கோவமில்ல."

கோபம் யாரோடு என்று லைலா கேட்டிருக்கிறாள். அதற்கு என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் லைலா சொல்லியிருக்க மாட்டாள்.

இந்த வருடம் எனக்கு மாட்டில் பங்கு எடுக்க மனம் வரவில்லை. ஒரு கிடாய் வாங்கினேன். பெருநாளைக்கு முந்திய நாள் கத்தியை நானே தீட்டினேன். இரண்டு மணித்தியாலம் தீட்டிவிட்டு, அது சரியா பிழையா என்று தெரியாமல், பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு ஒழுங்கையால் போனேன். ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லையா என்று பார்த்துத்தான் பின் வாசலைத் தட்டினேன்.

ஸுல்பிகா கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். பேப்பரைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒருக்காப் பாத்துச் சொல்லு, புள்ள. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்றேன்.

அவள் கை நீட்டவில்லை.

"அப்ப முன் வாசலால வாங்க, காக்கா. வந்து, ஸுல்பிகாட்டக் கத்தி பாக்க வந்தன் எண்டு சொல்லுங்க. நான் விறாந்தைக்கு வந்து பாத்துத் தாறன்."

குரலில் கோபமே இல்லை. கதவையும் அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

நான் ஒழுங்கையைச் சுற்றிக் கடற்கரை வீதிக்கு வந்தேன். உண்மையில் போகத்தான் நினைத்தேன். விறாந்தையில் பர்ஸான் இருந்தான். பக்கத்தில் கமிட்டிக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். ஸலாம் சொன்னார்கள். உள்ளே, திரைக்குக் கீழே, இரண்டு கால்கள் வந்து நிற்பதை நான் கண்டேன்.

"என்ன காக்கா, இந்தப் பக்கம்?" என்றான் பர்ஸான்.

"சும்மாதான். கடப்பக்கம் போறன்" என்றேன்.

கமக்கட்டுக்குள் பேப்பரை இறுக்கிக்கொண்டு கடற்கரை வரைக்கும் போனேன், பொய் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக. பிறகு வேறு வழியால் வீட்டுக்கு வந்தேன்.

குசினியில் கிளாஸ் எடுத்து றப்பர் வளையம் மாட்டிக் கத்தியை வைத்தேன். றப்பர் தெறித்து அறுந்தது. கை மயிரும் வழித்தது. அவள் செய்வதில் நகம் வைப்பது ஒன்றுதான் மிச்சம். கிடாய் வளவுக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தது. நான் நகத்தை வைத்துப் பார்க்கவில்லை. தடக்கினால் திரும்பவும் அந்த முன் வாசலுக்குப் போக வேண்டி வரும்.